உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை

கீழே விழுந்து எலும்பு ஒடிந்திருந்தால் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். எனக்கு இருமியதில் ஒடிந்தது. காலையில் பல் விளக்கிவிட்டு வாசலில் நின்றிருந்தேன். தினமும் வருகிற இருமல்தான் அன்றும் வந்தது. மூன்றாவது இருமலில் நடுமுதுகில் ஏதோ மளுக்கென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

ஒரு வாரம் அதை வாய்வுப் பிடிப்பு என்றே நம்பினோம். என் வீட்டுக்காரர் பழனிசாமி வேளைக்கொரு முறை தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்க வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வந்த மகள் கவிதா, நான் கட்டிலிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள். மறுநாளே காரை வைத்துக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள். வழியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் என் முதுகு தெரிந்துகொண்டது.

நடந்ததை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்களைப் போன்ற தறிக்குடும்பங்கள்தான். நான் செய்த தப்பையே செய்துகொண்டிருப்பவர்கள் எங்கள் சோமனூர்ப் பக்கம் இன்னும் பலர் இருப்பார்கள். அதனால் வெட்கத்தைப் பார்க்காமல் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்களுக்கு வீட்டை ஒட்டியே ஆறு தறி ஓடுகிற குடோன். கல்யாணமாகி வந்த மறுமாதமே அதற்குள் போனேன். தார்க்குச்சியில் நூல் சுற்றுவேன், இரண்டு தறியைப் பார்த்துக்கொள்வேன். பஞ்சுத் தூசி தலையில் விழும், புருவத்தில் விழும், மூக்குக்குள்ளும் போகும். வீட்டுக்குள் வந்தால் அந்தக் காலத்தில் விறகடுப்புப் புகை. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஐம்பத்தொரு வயதில், நாற்பது வருடம் புகைத்தவருக்கு வருகிற வியாதி எனக்கு வந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் திருப்பூரில் ஒரு டாக்டர். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கிவிட்டதால், உள்ளே போன காற்று வெளியே வரத் தடுமாறுகிறது. முழுசாகக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்று விளக்கினார். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். நாங்கள் அதைப் பம்பு என்போம்.

அந்தப் பம்பை வாங்கி வந்து பீரோவுக்குள் சேலைக்கு அடியில் வைத்துவிட்டோம். பம்பைத் தொட்டால் சாகிறவரை விட முடியாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அப்போது கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே நான் பம்பை எடுத்து உறிஞ்சினால், இளைப்புக்காரக் குடும்பம் என்று காபியைக் குடித்த கையோடு எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

அந்த வருடமே ஒருமுறை இளைப்பு முற்றியபோது டாக்டர் ஐந்து நாளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். வெள்ளையாக, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இரண்டாவது நாளே நெஞ்சு திறந்துகொண்டது. பசி எடுத்தது, படியேற முடிந்தது. ஐந்து நாளில் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த தடவை மூச்சு முட்டியபோது என் வீட்டுக்காரர் இவர் அதே சீட்டைக் கொண்டுபோய் மெடிக்கலில் காட்டி இன்னும் ஓர் அட்டை வாங்கி வந்தார். சீட்டு நைந்து கிழிந்த பிறகு காலி அட்டையைக் காட்டி வாங்கினார். வேண்டும்போது என்று ஆரம்பித்தது தினம் ஒன்றாகி, ஆறு வருடம் ஓடிவிட்டது.

தறிக்குடோனுக்குள் பேசினால் காதில் விழாது. அங்கே எல்லாம் சைகைதான். நூல் அறுந்தால் ஒரு சைகை, சாப்பிடப் போகலாம் என்றால் ஒரு சைகை. தினமும் காலை எட்டு மணிக்கு இவர் கடைசித் தறியிலிருந்து என்னைப் பார்த்துத் தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டிப் புருவத்தை உயர்த்துவார். இளைப்பா என்று அர்த்தம். நான் உள்ளங்கையை நீட்டுவேன். இவர் நடந்து வந்து மாத்திரையை அதில் வைத்து, சொம்புத் தண்ணீரை நீட்டுவார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இவர் எனக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை. இந்த மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட மறந்ததில்லை. குடோனுக்குப் போவதை நான் நிறுத்திய பிறகும் எட்டு மணிக்குத் தறியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாசற்படியில் நின்று நெஞ்சைத் தட்டுவார்.

நாளாக ஆக என் முகமும் உருண்டு திரண்டது. விசேஷ வீடுகளில் பார்த்தவர்கள், பூசினாற்போல் ஆகிவிட்டாய், மகளைக் கட்டிக்கொடுத்த பூரிப்பு என்றார்கள். கையும் காலும் குச்சியாகப் போனதை யாரும் பார்க்கவில்லை, சேலை மறைத்துவிட்டது. அது மாத்திரை செய்த வேலை என்று தெரியாமல் நானும் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அன்று காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை முழுக்க இழுத்து ஊதச் சொன்னார்கள். முதுகு வலியோடு ஊதுவது பெரிய பாடு. அந்தச் சோதனை செய்த பெண், இன்னும் ஒரே ஒரு தடவை என்று நான்கு தடவை ஊத வைத்தாள். அதற்குப் பிறகு எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன். இதில் குகைக்குள் தள்ளுவது, ஊசி குத்துவது எதுவும் கிடையாது. மேசையில் படுத்திருந்தால் மேலே ஒரு கை மெதுவாக நகர்ந்து போகிறது, அவ்வளவுதான். ஏறிப் படுப்பதற்குத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் காத்திருந்த நேரமெல்லாம் இவர் தன் துண்டைச் சுருட்டி என் முதுகுக்கு அணை கொடுத்தபடி நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

சாயங்காலம் நுரையீரல் டாக்டரம்மா கூப்பிட்டார். எங்கள் கவிதாவைவிடச் சின்ன வயசு. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். அடுக்கி வைத்த செங்கல் மாதிரி இருக்க வேண்டிய முதுகெலும்பில் இரண்டு கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு போலிருந்தது. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிவிட்டது, அதனால்தான் இருமலுக்கே தாங்கவில்லை என்றார். நான் நுரையீரல் நோயாளிதானே, எலும்புக்கு என்ன வந்தது என்று கேட்டேன். நுரையீரலில் வருடக்கணக்கில் இருக்கிற வீக்கம் அங்கேயே நிற்பதில்லை, ரத்தத்தோடு கலந்து எலும்பு புதிதாக ஊறுவதையும் கெடுக்கும் என்றார். அது ஒரு காரணம்தான், மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

வெயிலில் நடப்பதுண்டா என்றார். இல்லை, குடோனுக்குள்ளேயே இருந்தேன், இப்போது நடந்தால் மூச்சு வாங்குவதால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன் என்றேன். நடக்காத உடம்பில் எலும்பு தன் வேலை முடிந்தது என்று இளைத்துவிடுமாம். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டுகிறதா என்றார். ஆமாம், அரை வயிறுதான் சாப்பிடுகிறேன் என்றேன். மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார். முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று, இவர் பக்கத்தில் இருந்ததையும் பார்க்காமல் சொன்னேன். எலும்புக்குக் காவலாக இருக்கும் சுரப்பு அன்றோடு நின்றுபோனது என்றார். அதுவரை எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

அப்புறம் அவர் என் கையைத் திருப்பி, தோலில் இருந்த கன்றிய திட்டுகளைப் பார்த்தார். முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"அம்மா, இளைப்புக்குச் சின்னதா வெள்ளை மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? ஸ்டீராய்டுன்னு சொல்லுவாங்க. எலும்பை ரொம்பக் கரைக்கறது அதுதானுங்க."

எனக்குப் பின்னால் துண்டைச் சுருட்டிப் பிடித்திருந்த கை விலகியது முதுகில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே இவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். மகள் வயசுப் பெண்ணுக்கு முன்னால், மகளுக்கும் முன்னால், இவர்தான் கொடுத்தார் என்று எப்படிச் சொல்வது.

"இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணும் சாப்பிடறதில்லைங்க," என்றேன்.

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். கவிதாவுக்கு இந்த மாத்திரை விஷயம் தெரியாது, அவள் கல்யாணமாகிப் போய்விட்டவள். டாக்டரம்மா முதுகுக்கு ஒரு பெல்ட்டும், வலிக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் மருந்தும் எழுதி, ரத்தச் சோதனை முடிவோடு அடுத்த வாரம் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர் நேராகச் சமையலறைக்குப் போனார். மேல் தட்டில் காபித்தூள் டப்பாவுக்குள் இருந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். சாக்கடையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் எட்டு மணிக்கு இவர் வாசற்படியில் வந்து நிற்கவில்லை. நானும் கேட்கவில்லை. கெடுதல் செய்த மாத்திரை ஒழிந்தது, நல்லதுதானே என்றிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

இரண்டாவது நாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலித்தது. மூன்றாவது நாள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. நான்காவது நாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன், தரை சரிந்துகொண்டு போனது. அதற்கப்புறம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. இவர் என்னைத் தூக்கியது. முதுகு வலியில் நான் கத்த நினைத்தும் சத்தம் வராதது. ஆம்புலன்ஸில் என் காலைப் பிடித்தபடி இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

அவசரப் பிரிவில் கண்ணைத் திறக்க முடியவில்லை, காது மட்டும் வேலை செய்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்று யாரோ சொன்னார்கள். உணவில் விஷமா, கிருமியா என்று பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மாவின் குரல் வந்தது. கவிதாவிடம், அம்மா என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் இவர் குரல் கேட்டது. தறிக்காரர்கள் எப்போதும் சத்தமாகப் பேசுவார்கள், அன்று பக்கத்திலிருப்பவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் வந்தது.

"டாக்டரம்மா, தப்பு என்னோடதுங்க. ஆறு வருசமா அந்த வெள்ளை மாத்திரையை நாந்தானுங்க வாங்கிக் குடுத்தேன். அவ இல்லைன்னு சொன்னது என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுங்க. அன்னைக்கு ஊட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் வீசிப்போட்டனுங்க. நாலு நாளா ஒண்ணுகூடக் குடுக்கலீங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்துக் கொடுத்தாராம். மெடிக்கலில் காட்டுவதற்காக எப்போதும் வைத்திருக்கும் அட்டை. அதைப் பார்த்த அடுத்த நிமிடம் அந்த அறையில் நடமாட்டமே மாறிவிட்டது. கையில் ஊசி ஏறியது, பாட்டிலில் உப்புத் தண்ணீர் இறங்கியது. சாப்பாட்டு நேரத்துக்குள் கண்ணைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் காபி கேட்டேன்.

என்ன நடந்தது என்பதை டாக்டரம்மா மறுநாள் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. ஸ்டீராய்டு போன்ற ஒரு பொருளை உடம்புக்குத் தேவையான அளவு அது தானாகவே சுரக்கும். வெளியிலிருந்து வருடக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால், நமக்கு வேலையில்லை என்று அது தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்றாகி உடம்பு சரிந்துவிடும். அதனால் கெடுதல் என்று தெரிந்தாலும் அந்த மாத்திரையைச் சட்டென்று விடக்கூடாது, டாக்டர் சொல்கிற கணக்கில் மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். தூக்கி எறியாதீர்கள், டாக்டரிடம் மறைக்கவும் செய்யாதீர்கள்.

இவர் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, வாங்கிக் குடுத்ததும் தப்புதான், பட்டுனு நிறுத்துனதும் தப்புதானுங்க. ஆனா நேத்து வாயைத் தொறந்து சொன்னீங்க பாருங்க, அதுலதான் அம்மா பொழைச்சாங்க."

இவர் தலையை ஆட்டினார். அந்த வார்த்தை உள்ளே போனதாகத் தெரியவில்லை.

ஒன்பது நாள் இருந்தேன். பில்லைப் பற்றி என்னை யோசிக்கவிடாமல் கவிதா தன் ஆபீஸ் காப்பீட்டை வைத்துச் சமாளித்தாள். எங்களிடம் ஆறு வருடக் கதையைக் கேட்டு முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் திட்டினாள், மூன்றாம் நாளிலிருந்து டிபன் டப்பாவில் அரிசி பருப்புச் சாதமும் கீரையும் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளையாக்கி ஊட்டினாள். ஒரு நர்ஸ் பெண் பம்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, பம்பை அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இதிலும் ஸ்டீராய்டு இருக்குமா என்று பயந்து கேட்டேன். கொஞ்சம் இருக்கிறது, ஆனால் மிகவும் குறைவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது என்றார்கள். பழகிவிட்டால் விட முடியாதே என்றேன். மூக்குக்கண்ணாடி போட்டால் அதையும்தானே விட முடியாது, அதற்காகக் கண்ணாடி போடாமலா இருக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் முதுகு பெல்ட்டைக் கட்டிவிடுவார், தலை சீவிவிடுவார், என் சேலையை மொட்டை மாடியில் காயப்போட்டு மடித்துக் கொண்டுவருவார். ஆனால் நர்ஸ் மாத்திரைத் தட்டோடு உள்ளே வரும்போது மட்டும் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். தண்ணீர் டம்ளரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. முதல் இரண்டு நாள் எனக்குப் புரியவில்லை. புரிந்த அன்று, ஒடிந்த முதுகைவிட அது வலித்தது. இவர் கையை நம்பி நான் வாங்கிப் போட்ட பொருள் கெடுதலாகப் போயிற்று, சரி. ஆனால் ஆறு வருடம் ஒரு நாள் விடாமல் எட்டு மணிக்கு என் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்ட ஆள் இவர் ஒருவர்தான். அதையும் சேர்த்துச் சாக்கடையில் போட்டுவிட நான் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. என்ன மாத்திரை, எத்தனை, எந்தத் தேதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிய தாளைக் கவிதா பிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். முதல் வரியில் அதே வெள்ளை மாத்திரைதான். குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணி ஆனது. இவர் வாசற்படி வரைக்கும் வந்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"கவிதா வந்து குடுக்கட்டும் அம்மிணி. என்ற கையில வேண்டாம்."

நான் என் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். புருவத்தை உயர்த்திவிட்டு, உள்ளங்கையை நீட்டினேன். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"குடுங்க. உங்க கையில வாங்குனாத்தானுங்க எனக்கு எறங்கும்," என்றேன்.

இவர் தாளுக்குப் போய் முதல் வரியைப் படித்தார். மாத்திரை அட்டையைப் படித்தார். மறுபடியும் தாளைப் படித்தார். அப்புறம்தான் வந்து உள்ளங்கையில் வைத்தார். சொம்பை நீட்டும்போது பாதித் தண்ணீர் என் மடியில் கொட்டிவிட்டது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.

அந்தத் தாளில் இருந்த கடைசி வரி போன மாதம் முடிந்தது. இப்போது அந்த வெள்ளை மாத்திரை கிடையாது. எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் இவர் என்னை வாசல் வெயிலில் நடத்திக்கொண்டிருக்கிறார். அரை அங்குலம் குள்ளமாகிவிட்டேன், அது திரும்ப வராதாம். போகட்டும், இவரும் ஒன்றும் உயரமில்லை.

காலையில் கொஞ்ச நேரம் குடோன் வாசலில் முகத்துணி கட்டிக்கொண்டு உட்காருகிறேன். எட்டு மணிக்கு இவர் கடைசித் தறியிலிருந்து நெஞ்சைத் தட்டுகிறார். நான் உள்ளங்கையை நீட்டுகிறேன். வந்து பம்பை வைக்கிறார். வேலைக்கு வந்தவர்கள், பாவு நூல் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் உறிஞ்சுகிறேன். தறிச் சத்தத்தில் எண்ணினால் கேட்காது என்பதால், இவர் எதிரே நின்று ஒவ்வொரு விரலாக விரிக்கிறார். பத்தாவது விரல் விரிந்ததும் நான் மூச்சை விடுகிறேன். அப்போதுதான் இவரும் விடுகிறார்.